குபேரா நகரில் ஓடுவதா, ஒடுங்குவதா?

மனித நாகரிகம் ஆற்றங்கரைகளில் தோன்றியதாகப் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. அவற்றை எழுதியவர்கள், திண்டுக்கல் நாகல் நகரை ஒட்டியிருக்கும் குபேரா நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொதுக்குழுவைப் பார்த்ததில்லை. எங்களிடம் ஆறு கிடையாது. குழாயில் தண்ணீர் வருவதே எப்போதாவதுதான். ஆனாலும் நாகரிகம் தன் உச்சத்தை எங்கள் காலனி கேட்டுக்கு உள்ளேதான் தொட்டது. சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஊருக்குள் ஜாம்பி நோய் புகுந்த செய்தி ஒரு காலையில் வாட்ஸப்பில் வந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சிலர் கண் நிலைகுத்தி, கைகளை நீட்டியபடி தள்ளாடி நடந்து, எதிர்ப்பட்டவர்களை எல்லாம் கடிக்கிறார்களாம். கடிபட்டவர்கள் அடுத்த தெருவுக்குப் போய்த் தாங்களும் கடிக்கிறார்களாம். சங்கம் உடனே களத்தில் இறங்கியது. காலனிக்குள் சந்தேகப்படும்படி கை வீசித் தள்ளாடிய மூவரைச் சுற்றி வளைத்துப் பிடித்தோம். விசாரணையில் அவர்கள் சர்க்கரைக்காக நடைப்பயிற்சி போனவர்கள் என்று தெரியவந்தது. வருத்தம் தெரிவித்து விடுவித்தோம்.

அடுத்ததாக அவசரப் பொதுக்குழு கூடியது. விவாதப் பொருள்: 'ஓடுவதா, ஒடுங்குவதா?'

தலைவர் ஆனந்த்ராஜ் மைக்கைப் பிடித்தார். அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். மைக்கில் இருந்து இன்னும் ஓய்வு பெறாதவர். ஊரில் கடி பரவுவதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் காலனியில் அது இருந்தது என்று அவர் பேச்சைப் பற்றிச் சில விஷமிகள் சொல்வதுண்டு. சங்கம் அதை வன்மையாகக் கண்டிக்கிறது.

"ஜாம்பின்னு சொல்லாதீங்க. நடைபிணம்னு அழகா நம்ம பாஷையில சொல்லுங்க. மொதல்ல மொழியக் காப்பாத்துவோம், பிறகு உயிரக் காப்பாத்துவோம்" என்று தொடங்கினார். "என் கருத்து, இருந்த எடத்துலயே இருக்கணும். சர்வீஸ்ல இருந்த வரைக்கும் ஒரு ஃபைலைக்கூட நான் நகத்துனதில்ல. இருந்த எடத்துலயே இருந்துச்சு. அதுக்கும் ஒண்ணும் ஆகல, எனக்கும் ஒண்ணும் ஆகல."

கைதட்டல் ஓய்ந்ததும் ரொனால்டு எழுந்தார். மரக்கடை வைத்திருப்பவர். காலனியிலேயே பெரிய கார் அவருடையதுதான். ஆகவே ஓட வேண்டும் என்ற கட்சிக்கு இயல்பாகவே அவர் தலைவரானார்.

"அண்ணே, சிறுமலைக்கு ஏறிருவோம்ணே. அம்புட்டு கொண்டை ஊசி வளைவு இருக்குல்ல? ஜாம்பி ஏறுனா பாதி மலையிலயே வாந்தி எடுத்துரும்."

"கொடைரோடு போயி ரயிலப் புடிக்கலாமே" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

"ரயில் லேட்டா வந்தா?"

"ஜாம்பியும் மெதுவாத்தானப்பு வருது?"

இந்த அறிவுச் சமரின் நடுவே என் மனைவி அறிவுச்செல்வி கரண்டியோடு வந்து நின்றாள். சங்கத்தில் அவளுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். "ஏங்க, ஓடுறதா இருந்தா இட்லி ஊத்தி மொளகாப் பொடி தடவிக் கட்டுறேன். இருக்கிறதா இருந்தா சோறு வச்சு வெஞ்சனம் பண்றேன். செத்த நேரத்துல ஒண்ணச் சொல்லுங்க, அடுப்பு காயுது" என்றாள். உலகம் அழியும் வேளையில் பெண்கள் எவ்வளவு அற்பமான விஷயங்களைக் கவனிக்கிறார்கள்!

மதியம் வரை நடந்த விவாதத்தின் முடிவில் ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேறியது: 'ஓடத் தயாரான நிலையில், இருந்த இடத்திலேயே இருப்பது.' அதாவது அவரவர் குடும்பத்தோடு அவரவர் காரில் ஏறி, எஞ்சினை ஓடவிட்டு, அவரவர் வாசலிலேயே உட்கார்ந்திருப்பது. காலனி கேட்டுக்குக் கை அகலத் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு ஒன்று போட்டு, சாவியைத் தலைவர் தன் அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். பார்க்கவே பெருமிதமாக இருந்தது. மொத்தக் காலனியும் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு, ஓர் அடிகூட நகராமல், முழு வேகத்தில் தயாராக இருந்தது.

சாயங்காலத்துக்குள் எல்லாக் காரிலும் பெட்ரோல் தீர்ந்தது. இதன் மூலம் ஓடுவதா என்ற கேள்விக்குச் சங்கம் நிரந்தரத் தீர்வு கண்டது. ரொனால்டு மட்டும் அதற்கு முன்பே பொறுமை இழந்து, "நான் போறேன்ணே, நீங்க இருங்க" என்று சிறுமலைக்குக் கிளம்பிவிட்டார். சொந்த வீட்டுக்காரர் என்பதால் தலைவரே கேட்டைத் திறந்து, டாட்டா காட்டி, மறுபடி பூட்டினார்.

வெயில் தாழும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவள் பவித்ரா. ஆஸ்பத்திரியில் நர்ஸ், தலைவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறாள். முந்தின ராத்திரி டூட்டிக்குப் போனவள், கூட்டம் தாங்காமல் பகலெல்லாம் அங்கேயே நின்றுவிட்டு வந்திருந்தாள். கண்கள் சிவந்து, தலை கலைந்து, கால் பின்னியது. ஆட்டோவை ஓட்டிவந்த அக்மல் ஹாரன் அடித்தார்.

தலைவர் கேட்டுக்கு இந்தப்புறம் வந்து நின்றார். "யாரும்மா நீ?"

"சார், நான் பவித்ரா."

"எந்தப் பவித்ரா?"

"உங்க மாடியில இருக்கேனே சார். போன வாரம்கூட உங்களுக்கு பிரஷர் பாத்துச் சொன்னேன்ல? ஊறுகாயக் குறைங்கன்னு?"

"எல்லா நடைபிணமும் இப்படித்தான் சொல்லும்."

"ஜாம்பி பேசாது சார்."

"பேசாதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? அப்ப நீ அதுகளோட பழகியிருக்க!" தலைவர் எங்கள் பக்கம் திரும்பினார். "குறிச்சுக்கங்க."

நான் குறித்துக்கொண்டேன்.

பவித்ரா பையைத் துழாவி ஆதார் அட்டையை நீட்டினாள். கமிட்டி அதைக் கம்பி வழியாக வாங்கி, கை மாற்றிக் கை மாற்றி ஆராய்ந்தது. "படத்துல இருக்கிற மொகம் அசல் ஜாம்பி. நேர்ல பாத்தா அப்படி இல்ல. ஆக, ரெண்டும் ஒத்துப் போகல" என்று பொருளாளர் தீர்ப்பளித்தார். உடனே கமிட்டி உறுப்பினர்கள் ஒவ்வொருவராக அவளை உற்றுப் பார்த்து, எங்களுக்கு இவரைத் தெரியாது என்று வாய்மொழியாகத் தெரிவித்தோம். அவள் ஊசி போட்ட கைகளும் சுகர் பார்த்த விரல்களும் அங்கே நிறைய இருந்தன. இருந்தும் ஒருவர்கூடப் பாசத்துக்கு அடிமையாகவில்லை. கொள்கை என்றால் அது.

"அண்ணே, உங்க பையனுக்கு டெங்கு வந்தப்ப..." என்று அவள் என்னைப் பார்த்துத் தொடங்கினாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு யாரையும் தெரியாது.

"ஏங்க, நம்ம பவித்ராங்க!" என்று அறிவுச்செல்வி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ராவெல்லாம் முழிச்சிட்டு வந்து நிக்குது. கேட்டத் தொறக்கச் சொல்லுங்க!"

"வாடகைக்கு இருக்கிறவங்களப் பத்தித் தீர்மானத்துல ஒண்ணும் இல்ல" என்றேன்.

"வெளிய இருந்து வர்றவங்களாலதான் நோய் வரும்மா" என்று தலைவர் பொதுவாக விளக்கினார்.

"இங்க உள்ளதான சார் எனக்கு வீடு?" என்றாள் பவித்ரா. அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஏழெட்டு ஜாம்பிகள் கைகளை நீட்டியபடி திரும்பின. பவித்ரா கேட்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். பூட்டு அசையவில்லை. உள்ளூர்த் தயாரிப்பின் தரத்தை அன்றுதான் நேரில் உணர்ந்தேன்.

"சிஸ்டர், ஏறுங்க! இவங்ககிட்டப் பேசிக்கிட்டு இருந்தா அதுக வந்துரும்!" என்று கத்தினார் அக்மல். பவித்ரா ஓடி ஏறினாள். அறிவுச்செல்வி காம்பவுண்டுச் சுவருக்கு மேலே எக்கி ஒரு தூக்குச் சட்டியை நீட்ட, ஆட்டோ சுவரோரமாகச் சாய்ந்து வந்து அதை வாங்கிக்கொண்டு பறந்தது. முன்னால் வந்த ஜாம்பி ஒன்று, ஷேர் ஆட்டோ என்று நினைத்ததோ என்னவோ, கையைக் குறுக்கே காட்டியது. அக்மலும் தொழில் பழக்கத்தில் ஒரு கணம் வேகத்தைக் குறைத்துவிட்டார். "ஏலே, மிதிலே!" என்று தனக்குத்தானே கத்திக்கொண்டு மறுபடி மிதித்தார்.

ஜாம்பிகள் ஆட்டோவைத் துரத்திக்கொண்டு போய்விட்டன. சங்கம் காப்பாற்றப்பட்டது. அன்று ராத்திரி எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம். என் மனைவி மட்டும் என்னோடு பேசவில்லை. நெருக்கடி காலத்தில் இப்படிச் சில கூடுதல் நன்மைகளும் உண்டு.

மறுநாள் காலை ரொனால்டு திரும்பி வந்தார். சிறுமலை அடிவாரத்தோடு சரியாம். பாதித் திண்டுக்கல் அங்கே வண்டியோடு நின்றதாம். எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடியதால் யாராலும் நகர முடியவில்லை; கடைசியில் அவர்களும் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறார்கள். எங்கள் தீர்மானத்துக்குக் கிடைத்த மாபெரும் வெற்றி இது.

ரொனால்டின் கையில் துண்டு சுற்றியிருந்தது. ரத்தம் ஊறியிருந்தது. "வாழைப்பழம் பேரம் பேசுனேன்ணே. எதுத்தாப்புல நின்ன ஆளு பதிலே பேசாம லபக்குன்னு கடிச்சுட்டான்" என்றார். குரல் குழறியது. அவர் அடையாள அட்டை கேட்கப்படவில்லை. சொந்த வீட்டுக்காரரைப் போய் யாராவது சந்தேகப்படுவார்களா? தலைவரே பூட்டைத் திறந்தார். சால்வைக்கு ஆள் அனுப்பிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"நம்ம அருமைச் சகோதரர் ரொனால்டு அவர்கள்..."

அருமைச் சகோதரர் அவர் தோளைக் கடித்தார்.

தலைவர் நோய்வாய்ப்பட்டதைக் கண்டுபிடிக்க எங்களுக்குச் சற்றுத் தாமதமாகிவிட்டது. கண் நிலைகுத்தி, "தீர்மானம்... தீர்மானம்..." என்று சொல்லிக்கொண்டே அவர் எங்களை நோக்கி வந்தபோது, வழக்கம்போல் கைதட்டிக்கொண்டிருந்தோம். பொருளாளரின் காதைக் கவ்வ அவர் வாயைத் திறந்த பிறகுதான் சபை கலைந்தது. கேட்டோ மறுபடி பூட்டப்பட்டிருந்தது. சாவி அரைஞாண் கயிற்றில். அங்கே கை வைக்க முன்வரும் தியாகியைக் கேட்டு வாய்மொழி அறிவிப்பு கொடுத்தேன், யாரும் வரவில்லை.

ஆகவே ஓடினோம். இருக்க வேண்டும் என்று வாக்களித்த அத்தனை பேரும் சுவரேறிக் குதித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல் ஓடினோம். ஓட வேண்டும் என்று சொன்ன ரொனால்டு மட்டும் தன் வாசலைத் தாண்டாமல் இருந்தார். ஜனநாயகம் என்றால் இரு கட்சிகளின் கொள்கையும் நிறைவேற வேண்டுமல்லவா?

வழியில் அக்மலின் ஆட்டோ வந்தது. பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, "பின்னாலயே வாங்க" என்று முன்னால் போனார். ஒரு கல்யாண மண்டபத்தில் போய் நின்றோம். அங்கேதான் ஆஸ்பத்திரிக்காரர்கள் முகாம் போட்டிருந்தார்கள். நோய்க்கு ஊசி மருந்து வந்து இறங்கியிருந்தது. வாசலில் கைகூப்பி நின்ற வரவேற்பு பொம்மை யாரையும் ஆதார் கேட்கவில்லை.

உள்ளே முதல் மேஜையில் பவித்ரா உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்தாள். எழுந்து வந்து எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். பொருளாளரின் காதைப் பார்த்து, "பல்லு படல, பயப்படாதீங்க" என்றாள். தலைவரும் ரொனால்டும் காலனிக்குள்ளேயே இருக்கிறார்கள் என்று கேட்டதும் ஆள் அனுப்பினாள். வலை போட்டுப் பிடித்து வந்தார்கள். வெற்றிலைத் தட்டு வைக்கிற மேஜையில் தலைவரைப் படுக்கவைத்து ஊசி போட்டவளும் அவள்தான். அவர் கடிக்க வந்தபோது, "சார், வாய மூடுங்க" என்றாள். இத்தனை வருடத்தில் அவரிடம் அதைச் சொன்ன முதல் ஆள் அவள்.

சாயங்காலம் தலைவர் கண்ணைத் திறந்தார். "வாம்மா பவித்ரா!" என்றார் முதல் வார்த்தையாக. மருந்தின் மகிமையைப் பார்த்து முகாமே சிலிர்த்தது. பிறகு மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்து, "நேத்து கேட்ல ஒன்ன அடையாளம் தெரியாமப் போச்சும்மா. இப்பத்தான் புரியுது, நோய் அப்பவே எனக்குள்ள லேசா பூந்துருக்கு" என்றார்.

என்ன ஒரு தலைமை! கணப்பொழுதில் கமிட்டி முழுவதும் அவர் பின்னால் அணிதிரண்டது. "எனக்கும் நேத்துல இருந்தே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு" என்றார் பொருளாளர். "எனக்குந்தாம்மா" என்று நானும் சட்டைக் கையை மடித்தேன். கேட்டருகே நின்ற அத்தனை பேரும் வரிசையில் நின்று, எங்களுக்கும் நோய் இருந்தது, எங்களுக்கும் ஊசி வேண்டும் என்று ஒருமித்த குரலில் கோரினோம். அறிவுச்செல்வி மட்டும் வரிசையில் நிற்கவில்லை.

பவித்ரா மறுக்கவில்லை. ஒவ்வொருவராக விரலில் குத்தி ரத்தம் எடுத்தாள். டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். தலைவருக்குக் கடிபட்ட நேரத்தில் இருந்துதான் நோய் என்று டாக்டர் சொன்னதைத் தலைவரிடம் மரியாதையாகத் தெரிவித்தாள். பிறகு எங்களிடம் வந்தாள். முகத்தில் கோபம் இல்லை, தூக்கம்தான் இருந்தது.

"தெரிஞ்ச மூஞ்சி மறந்து போறதுதான் இந்த நோய்க்கு மொத அடையாளம். ஆனா உங்க யாரு ரத்தத்துலயும் கிருமி இல்லண்ணே."

"நல்லாப் பாத்தியாம்மா? எதுக்கும் ஒரு ஊசி போட்டுரு" என்று கையை நீட்டினேன்.

அவள் என் சட்டைக் கையை இறக்கிவிட்டாள்.

"கடிபட்டவங்களுக்குத்தான் எங்ககிட்ட மருந்து இருக்கு. கடிபடாமலே மறந்தவங்களுக்கு இல்லண்ணே. தள்ளி நில்லுங்க, பின்னால நோயாளிங்க நிக்கிறாங்க."