குந்திய வண்டி

வண்டியின் பின்பக்கம் தரையோடு குந்திவிட்டது. மணி பத்து. பதினொன்றுக்கு மணவாளக்குறிச்சியிலிருந்து பெண் வீட்டார் வீடு காண வருகிறார்கள்.

மத்தியாஸ் தலையில் கைவைத்தார். வைக்காமல் என்ன செய்வார்? மகன் ஷைஜுவுக்கு முப்பத்துநாலு வயது. இரண்டு சம்பந்தம் கைநழுவிப் போயாகிவிட்டது. மஸ்கட்டுக்குத் திரும்ப ஒன்பது நாள்தான் லீவு பாக்கி. இதில் தரகர் வேறு, பையனிடம் மலையேறும் பெரிய வண்டி சொந்தமாக நிற்கிறது என்று பெண் வீட்டில் அளந்துவிட்டிருந்தார். வேறு வழி? மார்த்தாண்டத்தில் ஒருவரிடம் ஒருநாள் வாடகைக்கு எடுத்துவந்து, தேங்காய்ப்பட்டணத்து வீட்டு முற்றத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

அந்த வண்டிக்கு அடியில் கம்பிச் சுருளுக்குப் பதில் காற்றுப் பைகள். பொத்தானை அமுக்கினால் உயரும், தாழும். அதில் பின்பக்கப் பைகள்தான் காற்றை விட்டிருந்தன.

"லே மக்கா, ஒண்ணையும் தொடாத," என்றார் மத்தியாஸ்.

அதற்குள் ஷைஜு தொட்டுவிட்டான். பின்பக்கம் அசையவில்லை, முன்பக்கம் மட்டும் ஒரு சாண் எழும்பியது. வண்டி இப்போது சோற்றுக்குக் காத்திருக்கும் நாய் மாதிரி உட்கார்ந்திருந்தது.

வண்டிக்காரருக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. கொடுக்கும்போது தேனாகப் பேசிய மனுஷன்.

முன்பக்கத்தை அழுத்தினால் சமமாகிவிடும் என்று மத்தியாஸுக்குத் தோன்றியது. பக்கத்து வீட்டுத் தங்கப்பனை முன்சீட்டில் ஏற்றினார்கள். தங்கப்பன் நூற்றுப்பத்து கிலோ. வண்டி லேசாகத் தாழ்ந்தது. மத்தியாஸ் மாதாவுக்கு நன்றி சொல்லி முடிக்கவில்லை, அடியில் ஏதோ ர்ர்ரென்று இரைந்து, தங்கப்பனோடு சேர்ந்து பழைய உயரத்துக்கே ஏறிவிட்டது. கூட இரண்டு மூட்டை அரிசியை வைத்தார்கள். அதையும் தூக்கியது. தங்கப்பன் பயந்துபோய் கீழே குதிக்க, பாரம் குறைந்த வண்டி இன்னும் நாலு விரல் எழும்பியது. பாரம் ஏற்றினால் தாழாத வண்டியை எந்த மடையன் கண்டுபிடித்தான் என்று மத்தியாஸ் பல்லைக் கடித்தார்.

தார்ப்பாய் போட்டு மூடிவிடலாம் என்றாள் மனைவி கிரேசி. பாயைப் பிரிப்பதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

பெண்ணின் அப்பா ஜெபசீலன் இறங்கினார். வீடு காண வந்தவர் வீட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்து நம்பரைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"வயசானவங்க ஏற வசதியா பின்னால கொஞ்சம் தாத்தி வச்சிருக்கோம்," என்றார் மத்தியாஸ்.

ஜெபசீலன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். மூன்றாவது சம்பந்தமும் போச்சு. ஷைஜுவின் முகத்தைப் பார்க்க மத்தியாஸுக்குத் தைரியம் வரவில்லை.

அவர்கள் வந்த காரின் டிரைவர் கிருஷ்ணமணி மட்டும் யாரையும் கேட்காமல் வண்டியில் ஏறினான். கதவுகளை இறுகச் சாத்தி, என்ஜினை ஓடவிட்டு, பொத்தானை விடாமல் அமுக்கிப் பிடித்தான். பின்பக்கம் மெல்ல எழுந்து சமமானது.

மத்தியாஸுக்குப் போன உயிர் பாதி வந்தது. இந்த வித்தை அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"போன வாரம் இவியகூட மார்த்தாண்டத்துல போய்ப் பாத்தப்பவும் இப்பிடித்தான் குந்தியிருந்து, அண்ணே," என்றான் அவன், ஜெபசீலன் போன பக்கம் கைகாட்டி. "இன்னைக்கு இங்க வாறதுக்கு இந்த வண்டியத்தான் வாடகைக்குக் கேட்டாவ. ஆரோ முந்திக்கிட்டாவளாம்."