மாய டேப் நாற்பத்தேழு பத்திரமாக இருக்கிறது

பத்திரப் பேர்வழி என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். எதையும் வைக்கத் தெரியும், எடுக்கத் தெரியாது.

அந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற ஒருவர் ஒரு தையல் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் பேக்கப் எடுக்கிறார். அவர் வென்றெடுத்தவற்றை அவருடைய அக்காவைக் கேட்டால் விரல் மடக்கிச் சொல்வார்: கணக்கில் இரண்டு முறை கவிழ்ந்து மூன்றாம் முறை தேறியது, பதினேழு பட்டதாரிகளைத் தாண்டி இந்த வேலையைப் பிடித்தது, தையல் கூடத்துக்கு மின்விசிறி வருவதற்கு முன்பே தன் அறைக்கு ஏசி வாங்கியது, பதினொரு விண்ணப்பம் எழுதி நகல்களைச் சேமிக்கும் புதுப் பெட்டி வரவழைத்தது, ஒன்பது வருடமாக ஒரு ஃபைல்கூடத் தொலைந்ததில்லை என்று பெயரெடுத்தது. இந்த ஒன்பது வருடத்தில் யாரும் அவரிடம் எதையும் திருப்பிக் கேட்டதில்லை. அந்த விரலை மட்டும் அக்கா மடக்கமாட்டார்.

அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவர். அதே தொழிற்சாலையில் பேட்டர்ன் மாஸ்டர். துணியை எந்த அளவில் வெட்டுவது என்று முதலில் வரைகிறவர். கால் அங்குலம் பிசகினால் அன்றைக்குச் சோறு இறங்காது.

புதுப் பெட்டியின் கதை இது. பேக்கப் எடுக்கும் சாஃப்ட்வேர் பழைய காலத்து ஆசாமி, டேப்பைத் தவிர வேறெதையும் நம்பாது. பெட்டிக்குள் இருப்பதோ வெறும் டிஸ்க். ஆகவே பெட்டி டேப் மாதிரி நடிக்கும். "டேப் நாற்பத்தேழு எங்கே?" என்று சாஃப்ட்வேர் கேட்கும். "இதோ மாட்டிவிட்டேன்" என்று பெட்டி சொல்லும். மாட்டுவதற்கு அங்கே ஒன்றுமே கிடையாது. இப்படி ஒன்று ஏமாற்ற, இன்னொன்று ஏமாற, குடித்தனம் நிம்மதியாக நடந்தது.

நம்மவர் மட்டும் ஏமாறுவதில் இரண்டையும் மிஞ்சினார்.

இல்லாத டேப்புகளுக்கு லேபிள் அடித்தார். ஒட்ட டேப் இல்லையே என்று கலங்காமல் ஒரு நோட்டில் வரிசையாக ஒட்டினார். பழைய டேப் பின்னோக்கிச் சுற்றத் தொண்ணூறு விநாடி ஆகும் என்பதால் புதுப் பெட்டியும் தொண்ணூறு விநாடி காத்திருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். பெட்டியை விற்க வந்தவன் தலையில் அடித்துக்கொண்டான். எல்லாவற்றுக்கும் மேலாக, தீப்பிடித்தாலும் ஒரு நகல் வேறிடத்தில் மிஞ்ச வேண்டும் என்ற டேப் காலத்து வழக்கப்படி, வெள்ளிதோறும் பேட்டர்ன்களை நகலெடுத்து, திரையில் 'வெளியே போயிற்று' என்ற பொத்தானை அழுத்தி, டேப் வைக்கும் காலி அட்டைப் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தி, தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த கிடங்கின் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வருவார்.

முதல் நாள் கிடங்குக் காவல்காரர் திறந்து பார்த்தார்.

"என்ன சார், காலியா இருக்கு?"

"மாய டேப்புய்யா. அப்படித்தான் இருக்கும். கவுத்துடாதீங்க."

இவருக்குத் தொழிற்சாலை முழுக்கப் 'பத்திரம்' என்று பெயர் விழுந்ததில் என்ன ஆச்சரியம்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தீயணைப்புப் படைக்கு மேலங்கி, இருபத்துமூன்று அளவுகள், பன்னிரண்டு மணிக்கு வெட்டு தொடங்கவேண்டும். ஆறு மாதம் உட்கார்ந்து அக்கா வரைந்த பேட்டர்ன்கள் கம்ப்யூட்டரில் இல்லை. ஃபோல்டர் காலி. அக்கா படியேறி ஓடினார்.

"டேய், என் பேட்டர்ன் எங்கடா?"

"பத்திரமா இருக்குக்கா."

"எங்க?"

"நாப்பத்தேழுல. அசல நான்தான் அழிச்சேன். நகல் வெக்க எடம் பத்தல. நகல்தான் இருக்கே, அப்புறம் அசல் எதுக்கு?"

அக்காவின் பின்னாலேயே மேனேஜர் வந்து நின்றார். "பன்னண்டுக்குள்ள வரலன்னா உங்க தம்பி வேற வேல பாத்துக்கட்டும் மாஸ்டர்." சொல்லிவிட்டுப் போய்விட்டார். கீழே நாற்பது தையல் மெஷின்கள் சும்மா நின்றன.

"எடுத்துக் குடுடா."

"எடுக்கறதா?" இந்தக் கேள்வியை வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்டவர்போல அவர் விழித்தார். வைத்ததை எடுத்தால் கலைந்துவிடாதா?

ஒருவழியாக விசையைத் தட்டினார். திரை சொன்னது: டேப் நாற்பத்தேழு வெளியே இருக்கிறது. உள்ளே கொண்டுவரவும். கீழே ஒரு பொத்தான்: 'வந்துவிட்டது'.

"அழுத்துடா!"

"வராதத வந்துடுச்சுன்னு எப்படிக்கா அழுத்தறது? பொய்யில்ல?"

மணி பத்தரை. இவனோடு வாதாடினால் பன்னிரண்டாகிவிடும் என்பது அக்காவுக்குத் தெரியும், கூடப் பிறந்தவர் அல்லவா? அலமாரிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு தெருவைக் கடந்தார்.

"சார் கைப்பட சீட்டு வேணும் மாஸ்டரம்மா," என்றார் காவல்காரர்.

"காலிப் பொட்டிக்கு எதுக்குய்யா சீட்டு?"

"காலின்னு நீங்க சொல்றீங்க. சார் அப்படிச் சொல்லலியே."

அக்கா அவரைப் பார்த்த பார்வைக்குப் பிறகு சீட்டே தேவைப்படவில்லை. பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினார். தம்பி வாசலிலேயே பதறினார். "ஆட்டாத! ஆட்டாத!" வாங்கி, மூடியைத் திறந்து, உள்ளே இருந்த ஒன்றுமில்லாததை இரண்டு விரலால் எடுத்து இயந்திரத்தின் பக்கம் காட்டினார். பிறகு நிம்மதியாகப் பொத்தானை அழுத்தினார்.

தொண்ணூறு விநாடி. இல்லாத டேப் பொறுமையாகச் சுற்றியது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினார்.

வந்தன. இருபத்துமூன்றும் வந்தன. தம்பி துள்ளினார். அக்கா துள்ளவில்லை. காகிதத்தில் அச்சடிக்கச் சொல்லி, ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாக அளந்தார்.

"கழுத்து அர இஞ்ச் கம்மி. நேத்துதானே கூட்டி வரைஞ்சேன்."

"வெள்ளிக்கிழம எடுத்த நகல் சரியாத்தான் இருக்குக்கா. அசல்தான் மாறிடுச்சு."

அக்கா பென்சிலை எடுத்தார். இருபத்துமூன்று கழுத்துப்பட்டியையும் நின்றபடியே மறுபடி வரைந்தார். பன்னிரண்டே காலுக்கு முதல் கத்திரி துணியில் இறங்கியது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், வந்த வழியே திரும்பினார்.

மாலையில் அக்கா அந்த அறையின் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். இரண்டு பத்திகள். 'வைத்தவர்' என்பதன் கீழே ஒன்பது வருடமும் ரப்பர் முத்திரை, ஒரு வாரம் விடாமல். 'எடுத்துச் சரிபார்த்தவர்' என்பதன் கீழே வெள்ளைத் தாள்.

"இங்க எழுது. கழுத்து பழசுதான் வந்துச்சுன்னு எழுது. உன் பேரப் போடு. முத்திரை வேணாம், கையெழுத்து."

"இனிமே மாசாமாசம் கேப்பியாக்கா?"

"வாராவாரம்."

அவர் எழுதினார். கையெழுத்தும் தேதியும் போட்டார். அன்றிலிருந்து விரல் மடக்கும்போது அக்கா ஒன்றைக் கூடுதலாக மடக்குகிறார்.

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் போனில் இருந்த படங்களையெல்லாம் மூன்று இடத்தில் பத்திரப்படுத்தியிருக்கிறீர்களே, அதில் ஒன்றையாவது திறந்து பார்த்தீர்களா? வீட்டின் மாற்றுச் சாவி எங்கே? 'பத்திரமான இடத்தில்' என்று சொல்லாதீர்கள், இடத்தைச் சொல்லுங்கள். வைத்ததை எடுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தேதி உங்களிடம் உண்டா? அவரிடம் உண்டு: 14 மார்ச் 2017.