செக்கர் மூக்கும் ஆரஞ்சு சென்ட்டும்

செத்தாலும் சாகலாம், பெண்டாட்டியிடம் மட்டும் மாட்டிக்கொள்ளக் கூடாது. லிப்ட் மெக்கானிக் இப்படி ஒரு முடிவுக்கு வந்தது அந்தக் கோடையில்தான்.

சாவு ஒன்றும் அவருக்குத் தூரத்துச் சொந்தமில்லை. வெயில் தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள், லிப்ட் கூண்டின் கூரைமேல் உட்கார்ந்து இரும்புக் கயிற்றைச் சோதித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆயுசு கெட்டி. பிழைத்தார். "இனி ஒரு சிகரெட்கூடக் கூடாது. இன்னொரு தடவை வந்தா இந்த இதயம் தாங்காது" என்றார் டாக்டர். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். மனைவியிடம் சொல்லித் தொலைத்தார்.

மனைவிக்கு பஸ்களில் டிக்கெட் பரிசோதிக்கிற வேலை. எல்லாருக்கும் அவள் செக்கரம்மா. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கணவரை வாசற்படியிலேயே நிறுத்துவாள். அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கிட்டே வந்து மூச்சை ஓர் இழுப்பு இழுப்பாள்.

"ஒண்ணு."

அன்று பிடித்தது ஒன்றேதான்.

இன்னொரு நாள், "இன்னிக்கு இல்ல, உள்ள வாங்க" என்பாள். அன்று நிஜமாகவே இருக்காது. மிட்டாய் மென்று பார்த்தார். சோப்புப் போட்டுக் கை தேய்த்துப் பார்த்தார். விரலில் கிரீஸைக்கூடப் பூசிப் பார்த்தார். அந்த மூக்கிடம் எதுவும் பலிக்கவில்லை. சமையல் வேறு அடிக்கடி அடிப்பிடித்தது. இதுவும் சிகரெட்டுக்குத் தண்டனை போலிருக்கிறது என்று வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

கடைசியில் ஒரு சென்ட் கடைக்குள் நுழைந்தார்.

"வெயிலுக்கு ஏத்தது இதுதான் சார்" என்றாள் கடைப்பெண், ஒரு காகிதத் துண்டில் அடித்து நீட்டி. "அடிச்சதும் ஆரஞ்சு, எலுமிச்சை. கொஞ்ச நேரத்துல பழுத்த பீச் பழம். கடைசியில மெல்லிசா கட்டை வாசனை வரும்."

"கடைசியில எல்லாருக்கும் கட்டைதானேம்மா. இது மத்த வாசனையை மறைக்குமா?"

"எந்த வாசனை சார்?"

"பொதுவாக் கேட்டேன்."

அன்று இரண்டு சிகரெட். அதன்மேல் பீச் பழத்தை நாலு பீச்சு பீச்சிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். லிப்ட்டில் கூட ஏறிய பக்கத்து வீட்டுக்காரர், "யாரோ ஜூஸைக் கொட்டிட்டாங்க போல" என்று தரையைப் பார்த்தார். மெக்கானிக்கின் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

வாசலில் செக்கரம்மா.

"அப்பப்பா, என்ன வெயில்! என்ன வெயில்!" என்றார் இவர்.

ஓர் இழுப்பு.

"ரெண்டு."

அவ்வளவுதான். ஆரஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை? ம்ஹூம்.

ஆள் அசரவில்லை. மறுநாள் பாதிப் புட்டியைச் சட்டையில் காலி செய்தார். காலர், கை, பை, முதுகு. நடமாடும் பழக்கடையாக வந்து சேர்ந்தால் வாசலில் அவளைக் காணோம். கதவு சும்மா சாத்தியிருந்தது. அனல் காற்றுக்குப் பயந்து ஜன்னல்களெல்லாம் அடைத்துக் கிடந்தன.

"வந்துட்டீங்களா? இருங்க, டீ போடறேன்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

தப்பித்தோம் என்று சட்டையைக் கழற்றிப் பால்கனியில் போட்டுவிட்டு உள்ளே திரும்பினார். ஆரஞ்சு விலகியது. அதற்கு அடியில் வேறொரு நாற்றம் இருந்தது.

கேஸ்.

அவள் கையில் லைட்டர். கை அடுப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"பத்த வெக்காதே!"

நெஞ்சு வலிக்காரர் பாய்ந்த பாய்ச்சலை டாக்டர் பார்த்திருந்தால் வைத்தியத்தையே மாற்றியிருப்பார். லைட்டரைப் பிடுங்கினார். வெடித்துக் கிடந்த ரப்பர் குழாயைப் பார்த்துச் சிலிண்டரை மூடினார். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அவளை இழுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்து உட்கார்ந்தார்.

"வீடே நாறுது. உனக்குத் தெரியலையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏம்மா?"

"எனக்கு வாசனை தெரிஞ்சு ஒரு வருஷம் ஆச்சுங்க. போன வருஷம் காய்ச்சல்ல கெடந்தேனே, அதுல போச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"திரும்பி வந்துடும்னு நெனச்சேன். அதுக்குள்ள நீங்க நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சுட்டீங்க. அப்புறம் சொன்னா, எந்த மூக்குக்குப் பயப்படுவீங்க?"

அடிப்பிடித்த சாப்பாடெல்லாம் ஞாபகம் வந்தது. இல்லாத மூக்கை ஏமாற்ற இத்தனை ஆரஞ்சு! அந்தச் சட்டை இன்னும் கொஞ்ச நேரம் உடம்பில் இருந்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே போயிருப்பார்கள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம் குடைந்தது.

"அப்ப நேத்து ரெண்டுன்னு எப்படிச் சொன்ன?"

"பஸ்ல ஏறினதும் எல்லார்கிட்டயுமா டிக்கெட் கேக்கறேன்? டிக்கெட் இல்லாதவன் மூஞ்சியே சொல்லிடும். நீங்க ஒண்ணு பிடிச்சா ஷூவைப் பாப்பீங்க. ரெண்டு பிடிச்சா, நான் கேக்காமயே வெயிலைப் பத்திப் பேசுவீங்க."

அவர் தன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இந்த வீட்டுக்கு இனி இருக்கிறது ஒரே மூக்குங்க, உங்களோடது. அதையும் புகை போட்டு அடைச்சுடாதீங்க" என்றபோது அவள் குரல் உடைந்தது.

அவர் தலையாட்டினார். மனசாரத்தான் ஆட்டினார்.

மறுநாள் காலையில் புதுக் குழாய் மாட்டினார். சென்ட் அடிக்கவில்லை. சிகரெட் பற்றவைக்கவில்லை. சாயங்காலம் வாசலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். ஷூவைப் பார்க்கவில்லை, வெயிலைப் பற்றி மூச்சுவிடவில்லை, அவள் கண்ணையே பார்த்தார்.

செக்கரம்மா இப்போது இழுப்பெல்லாம் இழுக்கவில்லை. முகத்தை மட்டும் பார்த்தாள்.

"இன்னிக்குப் பிடிக்கல."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே காலெடுத்து வைக்கப் போனார். அவள் டிக்கெட் கேட்கிற மாதிரி கையை நீட்டினாள்.

"பையில இருக்கிறதைக் கொடுங்க."

ஆபத்துக்கு உதவுமே என்று வைத்திருந்த ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். கை மடங்கவில்லை.

"சாக்ஸ்ல இருக்கிறதையும்."