முட்டைக்கோஸ் பாத்தியில் ஒரு மோதிரம்

உலோகம் தேடும் என் கருவி பொய் சொல்லாது. நான் சொல்வேன், அது சொல்லாது. மண்ணுக்கடியில் காசு கிடந்தால் கூவும், வெறும் ஆணி என்றால் முனகும். இருபத்தாறு வருடமாக இங்கிலாந்தின் நார்ஃபோக் வயல்களில் அதன் பேச்சைக் கேட்டு நடக்கிறேன். ஆகவே புதன்கிழமை காலையில் என் மனைவி மேவிஸ் சவால் விட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"வில்ஃப், என் கல்யாண மோதிரம் முட்டைக்கோஸ் பாத்தியில விழுந்துடுச்சு. ஞாயித்துக்கிழமைக்குள்ள கண்டுபிடி. இல்லேன்னா உன் மெஷின் சர்ச்ல பழைய சாமான் விக்கிறாங்களே, அங்க போயிடும்."

"எப்ப விழுந்துச்சு?"

"போன வருஷம் நாத்து நடும்போது."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"நீயா கவனிக்கிறியான்னு பாத்தேன்."

நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினேன். ஏற்கெனவே தடவிய ரொட்டிதான்.

"அதுக்கு என் மெஷின் என்ன பண்ணுச்சு?"

"என் பல் பிரஷ் என்ன பண்ணுச்சு? அதால ரோமானியக் காசைத் தேய்ச்சியே! ஆலிவ் எண்ணெய் என்ன பண்ணுச்சு?"

"செப்புக்காசு எண்ணெயில மாசக்கணக்கா ஊறணும், மேவிஸ். அவசரப்பட்டா ராஜா முகமே உரிஞ்சு வந்துடும்."

"நானும்தான் நாப்பது வருஷமா ஊறிக்கிட்டிருக்கேன். யாரும் எடுத்துத் துடைக்கக் காணோம்."

மூன்று நாள் மழையில் தேடினேன். ஆணி, பீர் பாட்டில் மூடி, பொம்மைக் காரின் சக்கரம். முட்டைக்கோஸ்கள் காதை விரித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தன.

சனிக்கிழமை ஒரு மகத்தான யோசனை உதித்தது. சந்தைத் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் சிரிலுக்குப் பத்து வருடமாக என் வெள்ளிக்காசின்மேல் கண். நகம் மாதிரி மெல்லிய காசு. அதிலுள்ள ராஜாவின் முகம் தேய்ந்துபோய்விட்டது. அவர் சிரிக்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரியும். அவரைச் சிரிலிடம் கொடுத்து ஒரு தங்க மோதிரம் வாங்கினேன். சிரில் விரல் அளவுகூடக் கேட்கவில்லை. தொழில் தெரிந்தவன் என்று வியந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மோதிரம் மாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. மண்ணில் ஒரு வருடம் கிடந்தது இப்படியா இருக்கும்? வாழ்நாளெல்லாம் அழுக்கெடுத்தவன் அன்று அழுக்கேற்றினேன். காசு ஊறிய எண்ணெயின் பச்சைக் கசடு, தேயிலைக் கறை, மேலே கொஞ்சம் களிமண். கலை என்றால் அதுதான் கலை.

ஞாயிறு காலை மேவிஸ் முன்னிலையில் கருவி கூவியது. தோண்டினேன். திகைத்தேன். கண்ணைக்கூடக் கசக்கிக்கொண்டேன்.

அவள் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன் பச்சையா இருக்கு?"

"ஒரு வருஷமா மண்ணுல கிடந்ததில்ல?"

"தங்கம் மட்டும் ஆயிரம் வருஷம் கழிச்சு எடுத்தாலும் போட்டது போட்டபடியே வரும்னு, தினம் சாப்பிடும்போது என் உயிரை எடுத்தது யாரு?"

"நம்ம மண்ணு கொஞ்சம் முரட்டு மண்ணு."

ஏப்ரனில் துடைத்து விரலில் போட்டுக்கொண்டாள். அளவெடுத்ததுபோல் பொருந்தியது. பிறகு ஏப்ரன் பையிலிருந்து பழைய மோதிரத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். தேய்ந்து மெலிந்த அந்த மோதிரம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"இது விரலை இறுக்குதுன்னு சிரில்கிட்ட போனேன். அவன்தான், புதுசு ஒண்ணு எடுத்து வைக்கிறேன், வில்ஃப் அந்த வெள்ளிக்காசோட தானா வருவான்னு சொன்னான்."

"அப்ப... என் மெஷின்?"

"வச்சுக்கோ. கண்டுபிடிச்சுட்டியே! நான் பேச்சு மாற மாட்டேன்."

எப்படியோ, வென்றவன் நான்தானே. ராஜா போனாலும் மெஷின் தங்கியது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கருவியின் சுவிட்சை அணைக்கப் போனேன்.

"அணைச்சுடாத, வில்ஃப். ரோஜாச் செடிகிட்ட என் தோடு ஒண்ணு விழுந்திருக்கு. தேடினா ஜோடியாவே கிடைக்கும்னு சிரில் சொல்றான்."