மிலூதினின் கெண்டைக்கால்

மிலூதின் காலைக் காப்பியை ஒற்றைக் காலில் நின்றுகொண்டு குடித்தார். இடது கெண்டைக்கால் ராத்திரி இழுத்த இழுப்பில் குதிகால் இன்னும் தரையில் பதியவில்லை.

"நீ அலறின அலறலுக்கு எதிர்வீட்டு நாய் பதில் சொல்லுச்சு," என்றாள் மனைவி தேசா, ரொட்டியை வெட்டிக்கொண்டே. "அடுத்த ஞாயிறு கல்யாணம். இந்தக் காலோட கோலோ ஆடப் போறியா?"

"ஆடியே ஆகணும். இல்லன்னா பேரன் பேரு புதிமிர்."

"பொண்ணு பொறந்தா?"

"புதிமிர்க்காவாம். அதையும் பேசி முடிச்சாச்சு."

விஷயம் இதுதான். மகள் நெவெனாவின் நிச்சய விருந்தில், பக்கத்து ஊர்ச் சம்பந்தி புதிமிர், பிளம் பழச் சாராயமான ராக்கியா தலைக்கேறியதும், "உங்க ஊர்க்காரங்க கால்ல எலும்பா இருக்கு? பாலாடைக்கட்டிதானே" என்று சொல்லிவிட்டார். மிலூதின் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். அங்கேயே பந்தயம் முடிவானது. கல்யாணத்தன்று கைகோத்து வட்டமாக ஆடும் கோலோவில், இரண்டு அப்பாக்களில் யார் முதலில் கையை விடுகிறாரோ அவர் தோற்றார். ஜெயித்தவர் பெயர் முதல் குழந்தைக்கு. பெயர் வைக்கும் உரிமை முறைப்படி, குழந்தைக்கு ஞானத்தந்தை ஆகப்போகிறவருடையது. அவர் அடுத்த கோப்பையில் அதை விட்டுக்கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து மிலூதின், பஸ் ஓட்டி முடித்ததும் டெப்போவின் பின்பக்கம் ரகசியமாக ஆடிப் பழகினார். அன்றிலிருந்துதான் ராத்திரியில் கால் இழுத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

தேசா பக்கத்து வீட்டு விதோசாவாவைக் கூப்பிட்டாள். ரெண்டு ஊருக்கும் கைவைத்தியம் அவள்தான்.

"குறுக்குக் காத்து," என்றாள் விதோசாவா, காலைத் தொடாமலே.

எங்கள் பக்கம் பல்வலிக்கும் அதுதான் காரணம், கால்பந்துத் தோல்விக்கும் அதுதான். ஜன்னல் இடுக்குகளில் துணி அடைத்தார்கள். அடுப்பில் விறகு திணித்தார்கள். கம்பளிக் காலுறை, அதன்மேல் இன்னொன்று, ரெண்டு ரஜாய். மிலூதின் விடிய விடிய வியர்த்தார்.

"இப்ப ரெண்டு கால்லயும் இழுக்குதுக்கா."

"அப்ப காத்து வெளியேறுது. உடம்புல உப்புதான் குறைஞ்சுபோச்சு. முட்டைக்கோஸ் ஊறுகாய்த் தண்ணி குடி."

"எவ்வளவு?"

"வெட்கப்படாம குடி."

அவர் ஒரு கூஜாவைக் காலி செய்தார். மறுநாள் அவருடைய பஸ், வழியிலிருந்த பெட்ரோல் பங்க் ஒன்றையும் விடவில்லை.

"எக்ஸ்பிரஸ்னு போட்டிருக்கே," என்றார் ஒரு பயணி.

"வயித்துக்குப் படிக்கத் தெரியாது," என்றபடி மிலூதின் இறங்கி ஓடினார்.

அன்று ராத்திரி இழுப்பு தொடை வரை ஏறியது. விதோசாவா அசரவில்லை. காலில் ராக்கியாவைத் தேய்த்து, முட்டைக்கோஸ் இலை சுற்றி, பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி இறுகக் கட்டிவிட்டுப் போனாள். இழுப்பு வந்தபோது கட்டை அவிழ்க்க முடியவில்லை. பிடித்துக்கொள்ள அலமாரிதான் கிடைத்தது. அலமாரியும் அவரும் சேர்ந்தே விழுந்தார்கள்.

காலையில் டெப்போ மேலாளர் மூக்கை உறிஞ்சினார்.

"குடிச்சிருக்கியா?"

"நான் குடிக்கல சார். கால்தான்."

மேலாளர் சாவிக்குக் கையை நீட்டினார். "கல்யாணம் முடிஞ்சு வா."

வீட்டுக்கு வந்த மிலூதின் ஊறுகாய்ப் பீப்பாயைத் தவிர மற்ற வைத்தியச் சாமான் எல்லாவற்றையும் வாசலில் எறிந்தார். சத்தம் கேட்டு வந்த விதோசாவாவுக்குக் கோபமே வரவில்லை.

"எது ரொம்ப மோசம்? வெக்கையா, தண்ணியா, கட்டா?"

"மூணும் சேர்ந்துதான். கிளம்புக்கா."

அவள் தலையாட்டிக்கொண்டே போனாள்.

அதற்குப் பிறகு தேசாவின் ராஜ்யம். கால் இழுத்தால் விரல்களைப் பிடித்து முழங்கால் பக்கமாக மெல்ல வளைத்தாள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்தாள். வெறும் தண்ணீர் கொடுத்தாள். பஸ் இல்லாததால் டெப்போவும் இல்லை, ஆடிப் பழகுவதும் இல்லை. வெள்ளிக்கிழமை மிலூதின் விடியும்வரை குறட்டை விட்டார். எதிர்வீட்டு நாய்க்கு ஏமாற்றம்.

ஞாயிறு. அக்கார்டியன் முனகியது, எக்காளம் பிளிறியது. இரண்டு அப்பாக்களும் கைகோத்தார்கள்.

"என்ன சம்பந்தி, பாலாடைக்கட்டி இன்னும் உருகலையா?" என்றார் புதிமிர்.

"குளிர்காலம்தானே சம்பந்தி. நின்னு பேசும்."

தாளம் ஏறியது. வட்டம் முற்றத்தைச் சுற்றி, கொட்டகையைச் சுற்றி, தீயில் சுழலும் பன்றியையும் சுற்றி வந்தது. மிலூதினின் கால்கள் இருபது வயதுப் பையனுடையவை போலத் துள்ளின. திடீரென்று புதிமிரின் மீசை கோணியது. வலது கால் விறகாக விறைத்தது. ஒற்றைக் காலில் ஒரு சுற்று தாக்குப்பிடித்தார். பிறகு கையை உதறி, கேக் மேஜையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினார்.

ஊர் முழுக்க விசில். மிலூதின் நிற்கவில்லை. ஜெயித்த பிறகும் இரண்டு பாட்டுக்கு ஆடினார். ஞானத்தந்தை மேஜைமேல் ஏறி, பிறக்காத குழந்தைக்கு மிலூதின் என்று பெயர் சொல்லி இறங்கினார். நெவெனா அப்பாவின் கன்னத்தில் முத்தமிட்டாள். புதிமிர்கூட, உட்கார்ந்தபடியே, கோப்பையை உயர்த்தினார்.

மார்பை நிமிர்த்திக்கொண்டு மிலூதின், மூலையில் கேக் தின்றுகொண்டிருந்த விதோசாவாவிடம் போனார்.

"பார்த்தியாக்கா? உன் வைத்தியம் எல்லாம் தலைகீழ். ஒண்ணுகூட வேலை செய்யல."

விதோசாவா விரலில் ஒட்டிய கிரீமை நிதானமாக நக்கினாள்.

"வேலை செய்யாமலா? கால் இழுக்குதுன்னு புதிமிரும் என்கிட்டதான் வந்தாரு. உன் காலை எது எது கெடுக்குதுன்னு பார்த்து, அதையெல்லாம்தான் அவருக்குக் குடுத்தனுப்பினேன்."