லயனலுக்கு மறக்கும் வசனம்

மேடையில் மண்டியிட்ட லயனல் மறுபடியும் வாயடைத்துப் போனார்.

திரையோரம் ஸ்டூலில் நாடகப் பிரதியோடு உட்கார்ந்திருந்தாள் எனிட். மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பதுதான் அவள் வேலை. “என்னைக் கல்யாணம் பண்ணிக்குவியா?” என்று கிசுகிசுத்தாள். லயனல் அதை அப்படியே சொன்னார். கதாநாயகி தலையசைக்க, திரை விழுந்தது.

இங்கிலாந்தின் ஸ்கார்பரோவில் அந்த முப்பத்தாறாம் வருஷக் கோடை முழுக்க ஹெஸ்கத் எழுதிய நாடகங்கள்தான், வாரத்துக்கு ஒன்று. மனுஷன் இருபது நாடகம் எழுதியிருந்தார். எதை எடுத்தாலும் மூன்றாம் அங்கத்தில் ஒருத்தன் மண்டியிட்டு அதே கேள்வியைக் கேட்டே தீருவான். மற்ற வசனமெல்லாம் லயனலுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த ஒரு வரியில்தான் தகராறு.

“சனிக்கிழமை ஹெஸ்கத்தே பார்க்க வர்றாரு,” என்றார் முதலாளி கிரிம்ஷா லயனலிடம். “அன்னிக்கும் முழிச்சீங்கன்னா, பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்!”

லயனல் போய்விட்டால்? நாற்பத்தொரு வயதில் எனிட்டுக்கு இருந்த ஒரே சந்தோஷம், தினமும் ஆறடி தூரத்தில் அவரைப் பார்ப்பது. வாய்விட்டுச் சொல்லத்தான் தைரியமில்லை.

வியாழக்கிழமை வசனத்தைச் சீட்டில் எழுதி மேடையில் வைக்கும் கேக் துண்டுக்கு அடியில் வைத்தாள். பாதிரியாராக நடித்தவர் கேக்கோடு அதையும் விழுங்கித் தொலைத்தார். வெள்ளிக்கிழமை லயனலின் சட்டைக் கையிலேயே மையால் எழுதினாள். வேர்வையில் அது கரைந்து கதாநாயகியின் வெள்ளை கவுனில் ஒட்டிக்கொண்டது.

“யாரு பண்ணின கூத்து இது?” என்று அவள் குதித்தாள். எனிட் பிரதிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை. முதல் வரிசையில் ஹெஸ்கத். லயனல் மண்டியிட்டார். அந்த வரி வரவில்லை.

எனிட் கிசுகிசுத்தாள். அவர் காது கேளாதவர்போல் திரையோரமே பார்த்துக்கொண்டிருந்தார். எனிட் பதறி எழுந்து கத்தியேவிட்டாள்:

“என்னைக் கல்யாணம் பண்ணிக்குவியா?”

“சரின்னு சொல்லேன்யா!” என்று மாடியிலிருந்து ஒரு குரல். “அந்தப் பொண்ணு எத்தனை தடவைதான் கேக்கும்?”

கூரை பிய்த்துக்கொண்டு போகும்படி சிரிப்பு. ஹெஸ்கத் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். லயனலின் வேலையும் போயிற்று.

பின்வாசல் காவல்காரர் ஆல்ஃபிடம் எனிட் தேம்பித் தேம்பி அழுதாள். “என்னாலதான் எல்லாம். பாவம், அவருக்கு அந்த வரியில மட்டும் மறதி. நான் சும்மா இருந்திருக்கலாம்.”

“மறதியா?” ஆல்ஃப் டீக்கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். “போன மாசம் நீ காய்ச்சல்ல கிடந்தியே, அந்த வாரம் பூரா உன் ஸ்டூல்ல நான்தான் உக்காந்திருந்தேன், கண்ணு. ஒரு நாள்கூட அவரு மறக்கலையே!”