குண்டூசிக்காரர் முடிந்த பிறகுதான் தாடிக்காரர்

காகுவாஸ்

அன்பிற்குரிய மைத்துனர் எவரிஸ்தோ அவர்களுக்கு, லியோன்சியோ எழுதுவது. நானும் உங்கள் தங்கையும் சுகம். சான் ஹுவானில் நீங்களும் உங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

சுருட்டுப் பட்டறையில் என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும். அவர்கள் சுருட்டுவார்கள், நான் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து அவர்களுக்குப் புத்தகம் வாசிப்பேன். எதை வாசிப்பது, யார் வாசிப்பது எல்லாம் அவர்கள் ஓட்டு. என் கூலியும் அவர்கள் கொடுப்பதுதான். மார்க்சியப் பொருளாதாரம் வேண்டும் என்று ஓட்டுப் போட்டார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் உங்களிடம் புத்தகம் கேட்டேன். "அஸ்திவாரம் இல்லாம மாடி கட்டுவாங்களா மச்சான்? முந்தினவங்கள முதல்ல படிங்க" என்று தாடிக்காரர் மார்க்ஸைப் பெட்டியில் பூட்டிவிட்டு, பழையவர்களை மூட்டையாகக் கட்டி அனுப்பினீர்கள்.

முதலில் குண்டூசிக்காரர். ஒரு குண்டூசியைப் பத்துப் பேர் பிரித்துச் செய்தால் எக்கச்சக்கமாகச் செய்யலாம் என்றார். நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் உள்ளிலை வைக்க, ஒருவர் மேலிலை சுற்ற, ஒருவர் நுனி ஒட்ட, வாழைக்காய் மாதிரி ஒன்று வந்தது. "இதைப் பத்தவச்சா நெருப்புக்கே வழி தெரியாது வாத்தியாரே" என்றாள் முன்வரிசையில் சுருட்டும் தொமாசா. அடுத்து, பங்குச் சந்தையில் காசு பார்த்த இன்னொரு பழையவர் நில வாடகையைப் பிடித்துக்கொண்டார், விடவே மாட்டேன் என்கிறார். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். வாசிப்பு பிடித்தால் இலை வெட்டும் கத்தியால் மேசையைத் தட்டுவார்கள். அந்தச் சத்தம் கேட்டே நாளாகிறது. காதல் கதைகளைக் கதாநாயகி குரலில் அழுது வாசிக்கும் குமெர்சிந்தோ வேறு, என் இடத்துக்கு ஓட்டுக் கேட்டு வாசலில் மிட்டாயோடு நிற்கிறான். சனிக்கிழமை ஓட்டு. என் நாற்காலி போய்விடும் மச்சான், பயமாக இருக்கிறது. தயவுசெய்து பெட்டியைத் திறங்கள்.

உங்கள் சளி குறைய மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லியோன்சியோ

பி.கு.: தபாலில் போடுவதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. ஓட்டு நடக்கவில்லை. தொமாசா எழுந்து, "சரக்கோட மதிப்பே உழைப்புதான்னு நீங்க வாசிச்ச அந்தப் பெரிய மனுஷங்களே சொல்லிட்டாங்க. அப்போ முதலாளியோட லாபம் எங்கேருந்து வருது?" என்று கேட்டாள். கத்திகள் எல்லாம் சேர்ந்து தட்டின. இப்போது வேலைநிறுத்தம். யாரும் தூங்கவில்லையாம், கண்ணை மூடிக் கேட்டார்களாம். என் நாற்காலியைத் தூக்கி வாசலுக்கு வெளியே மாமரத்தடியில் போட்டுவிட்டார்கள், இனி வாசிப்பு அங்கேதானாம். தாடிக்காரரை உடனே அனுப்புங்கள். இது முடியும்வரை எனக்குக் கூலி கிடையாது. அதை உங்கள் தங்கைக்கு நீங்களே எழுதிவிடுங்கள். அஸ்திவாரம் போட்டது நீங்கள்தானே.